எல்மோர் டாட்ஸனை நான் கொன்ற விதம்

நான் ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறேன். அவரை நேரில் பார்த்ததில்லை, அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் கிடையாது. அவர் இருந்தது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில். நான் இருந்தது திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியறையில். ஆயுதம் விரல் நீள அட்டைத் துண்டு ஒன்று. புது டி-சர்ட்டின் கழுத்தில் தொங்குமே, அந்த டேக். அதில் நான்கு வரி எழுதிக் கொன்றேன். எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இனியும் இதை வேறு யாரோ செய்ததுபோலச் சொல்லிக்கொண்டு திரிய முடியாது.

கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருந்தேன். (என் மனைவி கமலம் இந்த வாக்கியத்தை ஒப்புக்கொள்ள மாட்டாள். சும்மா இருந்திருந்தால் பரவாயில்லையாம், அடுக்களைக்குள் வந்து டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேனாம்.) அந்தச் சமயத்தில்தான் என் பழைய மாணவன் சரவணன் வீட்டுக்கு வந்தான். ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், இப்போது இருநூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு முதலாளி.

"சார், வெளிநாட்டுல இருந்து சரக்கு வாங்க ஒரு பையர் வந்திருக்காருங்க. ஏஜென்ட் இல்லாம நேரா நம்மகிட்ட வந்த முதல் பையருங்க. அவரு எழுதற இங்கிலீசு எங்களுக்குப் புரிய மாட்டேங்குது. நீங்க வந்து ரெண்டு மாசம் பார்த்துக் குடுங்க சார்."

நான் பதில் சொல்வதற்குள் கமலம் சொல்லிவிட்டாள்: "ரெண்டு மாசம் என்ன கண்ணு, ரெண்டு வருசம்னாலும் கூட்டிட்டுப் போ."

பையரின் பெயர் மார்ட்டின். வட இங்கிலாந்துக்காரர். அவருடைய தாய் அங்கே ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவராம். எங்கள் நிட்டிங் மெஷின்கள் ஓடும் சத்தத்தைக் கேட்டதும், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்போல முகம் மலர்ந்தார். அவருடைய தொழில் டி-சர்ட் விற்பது. ஆனால் அவருடைய உயிர் வேறு இடத்தில் இருந்தது. அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் பாடிய சோல் இசை. அதிலும் ஊருக்கே தெரிந்த பாடகர்கள் அவருக்கு ஆகாது. ஒரே ஒரு இசைத்தட்டு வெளியிட்டு, அது விற்காமல் போய், வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு கலைந்துபோன குழுக்கள்தான் வேண்டும். வட இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் அப்படிப்பட்ட தட்டுகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்கு மட்டுமே ஆடும் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். அவர்களுக்காகப் பன்னிரண்டு டிசைன். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு தட்டின் படம், அதன் டேக்கில் அந்தக் குழுவின் வரலாறு, நான்கே வரியில்.

மார்ட்டின் ஒரு சி.டி.யும், கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் குறிப்புகளும் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் அந்த சி.டி.யை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டோம். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் ஜெபா தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாசரேத் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண், அவள் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள்.

"சார், இது எங்க கோயில்ல பாடுத மாதிரில்லா இருக்கு. ஆண்டவர் பேர எடுத்துட்டுக் காதலி பேரப் போட்டிருக்காவ, அவ்வளவுதான்."

சோல் இசையைப் பற்றிப் பிற்பாடு நான் எத்தனையோ படித்தேன். அவள் சொன்னதை யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

குறிப்புகளைச் சீராக்குவது மட்டும்தான் என் வேலை. ஆனால் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு, ஆதாரம் தேடுவது. பக்கத்து இன்டர்நெட் சென்டரில் போய் உட்கார்ந்தேன். தட்டு சேகரிப்பவர்கள் கூடி வாதாடும் இணையதளம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கேள்விகள் கேட்டேன். தட்டின் நடுவில் அச்சடித்திருக்கும் எண்ணை வைத்து எந்த ஊரில் பதிவானது என்று கண்டுபிடிக்கக் கற்றேன். அமெரிக்க நூலகங்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். சகோதரர்கள் என்று பெயர் வைத்துக்கொண்ட குழு ஒன்றில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, நான்கு பேரும் ஒரே கார்த் தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள் என்று நிரூபித்தேன். இன்னொரு குழுவில் டிரம்பெட் ஊதியவர் பஸ் டிரைவராகி ஓய்வு பெற்றதை அவருடைய பேத்தியின் வாயாலேயே உறுதி செய்தேன். மார்ட்டின் மிரண்டுபோனார். "இருபது வருடமாக நாங்கள் தேடியதை, திருப்பூரில் உட்கார்ந்து இந்தப் புரொபசர் கண்டுபிடிக்கிறார்" என்று அந்த இணையதளத்திலேயே எழுதினார். நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

கமலத்துக்கு மட்டும் திருப்தியில்லை. "ஏனுங்க, எங்கக்கா பையன் கல்யாணம் எந்த மாசம்னு கேட்டா முழிக்கறீங்க. அமெரிக்காவுல எவன் கொட்டு அடிச்சான், எவன் ஊதினான்னு ஒப்பிக்கறீங்க!"

இப்படிப் பதினொரு டேக் முடிந்தது. பன்னிரண்டாவது தட்டுதான் எல்மோர் டாட்ஸனும் காப்பர் லாண்டர்ன்ஸ் குழுவும்.

"செப்பு விளக்குங்களா சார்?" என்றான் சரவணன். "நம்மூருப் பாத்திரக் கடைப் பேராட்டம் இருக்குதுங்க."

பாட்டு என்னவோ பன்னிரண்டிலும் அதுதான் பொன். முதலில் ஆர்கன் வாத்தியம் தனியாக அழும். பிறகு அந்த மனிதரின் குரல் வந்து அதைத் தேற்றும். ஜெபா அதைத் திரும்பத் திரும்பப் போடுவாள். ஆனால் ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இணையதளத்தில் யாருக்கும் தெரியவில்லை. நூலகங்கள் கையை விரித்தன. தட்டில் பாடகர் பெயரும் குழுவின் பெயரும் ஊர் பெயரும் மட்டும்தான். மார்ட்டின் தம் குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தார்: 'எதுவும் தெரியாது. கிடைக்காவிட்டால் காலியாக விட்டுவிடுங்கள்.' அதை நான் படிக்கவில்லை என்று இத்தனை நாள் சொல்லி வந்தேன். படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

இங்கேதான் என் முப்பதாண்டு ஆசிரியப் பணி என் காலை வாரியது. பரீட்சைக்கு முன் ஒவ்வொரு வகுப்பிலும் நான் சொல்லும் மந்திரம் ஒன்று உண்டு. 'தெரியாத கேள்வியா? காலியாக மட்டும் விடாதே. எதையாவது எழுது. பக்கம் நிரம்பியிருந்தால் திருத்துபவருக்கு இரக்கம் வரும்.' சரவணனே அந்த மந்திரத்தால் தேறியவன். படிக்காத கவிதை ஒன்றைப் பற்றிய கேள்விக்கு, தன் ஊர் மாரியம்மன் நோன்பை இரண்டு பக்கம் வர்ணித்துவிட்டு வந்தான். பாஸ்.

மூன்று நாளில் ஷிப்மென்ட். பதினொரு டேக்கில் நான்கு வரி, பன்னிரண்டாவதில் வெள்ளை அட்டை. பார்க்கவே எனக்குக் கை அரித்தது. பேனாவை எடுத்தேன். எழுதியதன் தமிழ் இது:

'பனிக்கால மாலை ஒன்றில் கச்சேரி முடிந்து திரும்பியபோது எல்மோர் டாட்ஸன் சென்ற பேருந்து பாலத்திலிருந்து கவிழ்ந்தது. உறைந்த ஆறு அந்தக் குரலை எடுத்துக்கொண்டது. அவருடைய குழு அதன் பின் பாடவே இல்லை. எஞ்சியது இந்த ஒரே பாட்டு.'

எழுதி முடித்தபோது என் கண்ணில் நீர் வந்தது. (உறைந்த ஆற்றை நான் பார்த்ததே இல்லை. மனத்துக்குள் ஓடியது நொய்யல்தான், அதையே உறைய வைத்துக்கொண்டேன். அதனால் அந்தப் பனிக்கட்டிக்கு, அன்றைக்கு எங்கள் ஆற்றில் ஓடிய சாயப்பட்டறைக் கழிவின் நிறம்.)

ஜெபா படித்தாள். "பஸ்ல மத்தவங்களுக்கு என்னாச்சு சார்?"

"இடம் இல்லம்மா. நாலு வரிதான்."

"இவரு செத்துட்டாருன்னு யாரு சொன்னா?"

"ஆதாரம் இருக்கு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிற பெரியவரிடம் மேற்கொண்டு கேள்வி கேட்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண். டேக் அச்சுக்குப் போயிற்று. சட்டைகள் கப்பல் ஏறின.

மற்ற பதினொன்றும் உண்மையாக இருந்ததுதான் வினை. பன்னிரண்டாவதை யாரும் சந்தேகிக்கவில்லை. நான்கு மாதத்தில் என் நான்கு வரி உலகம் சுற்றியது. யாரோ ஒரு பெல்ஜியம்காரர், 'நம்பகமான தகவலின்படி' என்று தொடங்கி என் பேருந்தை ஒரு கட்டுரையில் கவிழ்த்தார். இன்னொருவர் அது எந்த மாதிரிப் பேருந்து என்று ஆராய்ந்திருந்தார். எனக்கே ஒரு கட்டத்தில் அது நடந்ததுதானோ என்று தோன்றிவிட்டது.

பிறகு மார்ட்டின் ஒரு புகைப்படம் அனுப்பினார். இங்கிலாந்தில் ஒரு நடன அரங்கு. எல்மோரின் பாட்டைப் போடுவதற்கு முன் ஒரு நிமிட மௌன அஞ்சலி. அனுப்பர்பாளையத்தில் தைத்த சட்டையை வயிற்றின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, நூறு வழுக்கைத் தலைகள் கவிழ்ந்திருந்தன. சரவணன் அதைப் பெரிதாக்கிக் கம்பெனி வரவேற்பறையில் மாட்டினான். அந்தப் படத்தைத் தாண்டாமல் மாடிக்குப் போக வழியில்லை. நான் சுவரைப் பார்க்காமல் படியேறப் பழகிக்கொண்டேன்.

கையோடு மறு ஆர்டரும் வந்தது, முதல் ஆர்டரைப்போல மூன்று மடங்கு. சரவணன் புது மெஷின்கள் வாங்கிவிட்டான். அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது மார்ட்டினின் அடுத்த மின்னஞ்சல்: 'நான் ஒஹாயோ போகிறேன். எல்மோரின் கல்லறையில் பூ வைக்க வேண்டும். எந்தக் கல்லறைத் தோட்டம் என்று உங்கள் ஆவணத்தில் இருக்கிறதா?'

'ஆவணம் அந்த இடத்தில் தெளிவாக இல்லை' என்று பதில் எழுதினேன். முதல் பொய்யின் பழியையாவது எழுத்து ஆசையின் மேல் போடலாம். இது சுத்தமான பொய்.

ஜெபா அன்றைக்கு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "சார், உண்மையச் சொல்லிருங்க. அந்த மனுசன் பூ வாங்கிக்கிட்டு ஊர் ஊரா அலையப் போறாரு, பாவமா இருக்கு."

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"நீங்க எழுதும்போதே தெரியும் சார். ஆதாரம் இருந்தா நீங்க ரெண்டு நாள் அதப்பத்தியே பேசுவிய. இதுக்கு ஒரு வார்த்தை பேசல."

அன்றே ஒப்புக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் ஆங்கில ஆசிரியன். மன்னிப்புக் கடிதத்தில் நடை நன்றாக இருக்க வேண்டாமா? இரண்டு நாள் அடித்து அடித்துத் திருத்தினேன். மூன்றாம் நாள் அனுப்பினேன். அதற்குள் மார்ட்டின் ஒஹாயோவில் இறங்கிவிட்டிருந்தார், அந்த மின்னஞ்சலை அவர் பார்க்கவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடியது. புதன்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். மாலை ஆறு மணி டீ நேரம். பேக்கிங் பெண்கள் டம்ளரோடு நின்றிருந்தார்கள். போன் அடித்தது. சரவணன் எடுத்தான், மார்ட்டின் என்றதும் மரியாதைக்காக ஸ்பீக்கரில் போட்டான்.

"புரொபசர் இருக்கிறாரா? நான் எல்மோர் டாட்ஸனைக் கண்டுபிடித்துவிட்டேன்."

ஸ்பீக்கர் பக்கம் குனிந்தேன். "எந்த... எந்தக் கல்லறைத் தோட்டம்?"

"நேற்று மாலை இங்கே ஒரு தேவாலயத்துக்குப் போய், எல்மோரின் கல்லறை எங்கே என்று போதகரிடம் கேட்டேன். 'எனக்குத் தெரியாது, அவர் பின்வரிசையில் பாடிக்கொண்டிருக்கிறார், அவரையே கேளுங்கள்' என்றார். இப்போது அவர் வீட்டில் இருக்கிறேன். முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உங்களோடு பேச வேண்டுமாம்."

அடுத்து வந்தது அந்தக் குரல். நாங்கள் மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டுத் தேய்த்த குரல், வயதாகி, மரத்தில் இழைப்புளி ஓடுவதுபோல. ஜெபா கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்துவிட்டாள்.

"ஐயா," என்றார் எல்மோர், "எங்கள் ஊரில் ஆறு இல்லை."

நான் எத்தனையோ விதமாக மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது இது: "பாலமாவது இருக்கிறதா?"

முட்டைத் தட்டில் முள்கரண்டி விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். இந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமலே பேக்கிங் பெண்களும் சிரித்தார்கள். சரவணன் மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். காலியாக விடச் சொன்னது, விடாதது, ஆவணம் என்று ஒன்றும் இல்லாதது எல்லாவற்றையும் மாணவனுக்கு முன்னால், நின்றுகொண்டே சொன்னேன்.

எல்மோரின் சிரிப்பு அதற்குள் அடங்கியிருந்தது. "நான் உங்களை மன்னித்துவிட்டேன். செத்த மனிதனுக்குக் கோபம் எதற்கு? ஆனால் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியது வெர்னாவிடம்."

வெர்னா அந்தக் குழுவில் ஆர்கன் வாசித்தவர். அந்தப் பாட்டை எழுதியதே அவர்தான். தட்டில் எல்மோர் பெயரையும் குழுவின் பெயரையும் மட்டும் போட்டுவிட்டார்கள். எல்மோர் அதைத் தட்டிக் கேட்கவில்லை. அதோடு குழு கலைந்தது, நாற்பது வருடம் இருவருக்கும் பேச்சில்லை. வெர்னா வேறு ஊருக்குப் போய்விட்டார். சில மாதங்களுக்கு முன் அவருடைய மருமகன் இணையத்தில் என் நான்கு வரியைப் படித்துக் காட்டியிருக்கிறான். என்றைக்காவது ஒருநாள் எல்மோர் வந்து தப்பை ஒப்புக்கொள்வான் என்று காத்திருந்தவர், இனி வரமாட்டான் என்று அழுதிருக்கிறார். மார்ட்டின் வந்து சொன்ன பிறகு எல்மோர் முதல் வேலையாக வெர்னாவைத் தேடிப் போன் செய்திருக்கிறார். குரலைக் கேட்டதும் அந்த அம்மாள் போனைக் கீழே போட்டுவிட்டாராம். மருமகன் எடுத்துத்தான் இதையெல்லாம் சொன்னானாம்.

என் பேருந்தில் மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஜெபா கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பதில் அப்போதுதான் கிடைத்தது.

மார்ட்டின் மறுபடி பேசினார். குரலில் பழைய நட்பு இல்லை. "ஆர்டரை ரத்து செய்யவில்லை, சரவணனின் வேலையில் குறையில்லை. ஆனால் அந்த டேக்கோடு ஒரு சட்டைகூடத் திருப்பூரை விட்டு வெளியே வரக்கூடாது. புதன்கிழமை கன்டெய்னரைத் தவறவிட்டால் எனக்கு அது வேண்டாம்."

போன் வைத்தபின் சரவணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "டீ ஆறிருச்சுங்க சார், வேற சொல்லட்டுங்களா?" என்றான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூவாயிரம் சட்டைகள் பாலிதீன் கவருக்குள் மடித்து, பெட்டிக்குள் போயிருந்தன. யாரையும் தொட விடமாட்டேன் என்றேன். மறுநாள் காலை பேக்கிங் செக்‌ஷனில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்து, ஒவ்வொரு டேக்காக வெட்டினேன். பேக்கிங் சூப்பர்வைசர் தனபாக்கியம் வாசலில் நின்று கத்தினாள்: "பாருங்கடி, ஆளக் கொன்னவரு வந்து உக்காந்திருக்காரு! சார், பார்த்து வெட்டுங்க, சட்டையும் செத்துறப் போவுது!"

மதியத்துக்குள் கட்டைவிரலில் கொப்புளம். ஐந்நூறுகூட ஆகவில்லை. தனபாக்கியம் வந்து என் கையைப் பார்த்தாள், ட்ரிம்மரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க வெட்டி முடிக்கறதுக்குள்ள அந்தப் பாட்டுக்காரரு நெசமாவே போயிருவாருங்க. ஏம்புள்ள, எல்லாரும் வாங்கடி!"

"அவருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றது இன்னொரு குரல். "செத்துட்டாருன்னு சேதி பரவுனா ஆயுசு கூடுமில்ல. சார் அவருக்கு நல்லதுதான் பண்ணியிருக்காரு."

அந்த ஒரு ஆறுதலைத்தான் அன்றைக்கு நான் மடியில் கட்டிக்கொண்டேன்.

புது டேக்கை நானே எழுதினேன். எல்மோரும் வெர்னாவும் மார்ட்டின் வழியாகச் சொல்லியனுப்பியதைத் தவிர ஒரு சொல் சேர்க்கவில்லை. 'இந்தப் பாட்டை எழுதி ஆர்கன் வாசித்தவர் வெர்னா. பாடியவர் எல்மோர் டாட்ஸன். இருவரும் நலம்.' மூன்று வரி. நான்காம் வரியைக் காலியாக விட்டேன். வாழ்க்கையில் நான் காலியாக விட்ட முதல் இடம் அது. புதன்கிழமை மாலை கன்டெய்னர் கதவை மூடினார்கள். ஜெபா அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

வெர்னாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இம்முறை நடை பார்க்கவில்லை, திருத்தவும் இல்லை. தட்டு சேகரிப்பவர்களின் இணையதளத்திலும் என் பெயரிலேயே உண்மையை எழுதினேன். அந்தப் பெல்ஜியம்காரர் என்னோடு இன்றுவரை பேசுவதில்லை. வெர்னாவின் பதில் அந்த டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக வந்தது. உள்ளே இரண்டே வாக்கியம்: 'எல்மோரை மன்னித்துவிட்டேன். உங்களைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.'

மறு வருடமும் அட்டை வந்தது. 'இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.' அதற்கடுத்த வருடமும் வந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் நான் பதில் கடிதம் எழுதினேன். இடையில் எல்மோரும் அவரும் இங்கிலாந்து போய், அந்த வழுக்கைத் தலைகளுக்கு முன்னால் அந்தப் பாட்டைப் பாடினார்கள். மார்ட்டின் படம் அனுப்பினார். சரவணன் பழைய படத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டினான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே படியேற ஆரம்பித்தேன். அட்டை மட்டும் நிற்கவில்லை. ஒன்பது அட்டைகள், ஒன்பதிலும் அதே வாக்கியம். பத்தாவது உறை வேறு கையெழுத்தில் வந்தது. வெர்னாவின் மகள் எழுதியிருந்தாள்: 'அம்மா அக்டோபரில் காலமானார். இந்த வருடத்து அட்டையை முன்பே எழுதி பைபிளுக்குள் வைத்திருந்தார். உங்களுக்கு அனுப்பிவிடச் சொன்னார்.' அட்டையைப் பிரித்தேன். அதே வாக்கியம்தான். கீழே புதிதாக ஒரு சிறிய வரி: 'ஆனால் உங்கள் கடிதங்கள் எனக்குப் பிடிக்கும்.'

எல்மோர் இன்னும் இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டிவிட்டார். அனுப்பர்பாளையத்துப் பேக்கிங் பெண்கள் சொன்னது தவறவில்லை.

பத்து அட்டைகளும் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. அந்த வாசகமும் வீட்டில் நிலைத்துவிட்டது. நேற்று கடைக்குப் போன நான், சொன்ன கொத்தமல்லியை மறந்து புதினாவோடு திரும்பினேன். "தப்புதான் கமலம், மன்னிச்சுக்கோ" என்றேன்.

கமலம் புதினாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கழுவினாள். ஆய்ந்தாள். துவையலுக்கு மிளகாயும் வறுத்தாள்.

"யோசிச்சுட்டு இருக்கறேனுங்க" என்றாள்.